ஒரே சமயத்தில் எத்தனை பேர்?

வீட்டிலேயே சங்கீதத்தைப் பல டிராக்குகளாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை பிறந்தவுடன் ஒருவர் தேடிப் புறப்படுகிற முதற்பொருள், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி. மைக்கில் எழுகிற மிக மெல்லிய மின்னலையைப் பெருக்கி, அதை எண்களாக மாற்றி, யுஎஸ்பி கேபிள் வழியே கணினிக்குள் இறக்குவதும், கணினியிலிருந்து திரும்பி வருகிற எண்களை மறுபடியும் ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்குத் தருவதும் அதன் தொழில். தொழில் இவ்வளவுதான் என்றாலும், அதை வாங்குவதற்குள் மனிதர் படுகிற பாடு கொஞ்சமல்ல. யூடியூபில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லுகிறார்கள். கடைக்காரரோ தம்மிடம் கைவசம் இருப்பதைக் காட்டிலும் சிறந்தது உலகத்தில் இல்லை என்கிறார். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்தால் தெளிவு பிறப்பதற்குப் பதிலாக இருந்த தெளிவும் போய்விடுகிறது.

என்னிடம் இதைப் பற்றி யோசனை கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கர்நாடக சங்கீதத்தில் தேர்ச்சி பெற்று, மார்கழி சீசனில் பிற்பகல் கச்சேரிகள் செய்யத் தொடங்கியிருக்கிற இளைஞர்கள். சபா காரியதரிசிகளுக்கு அனுப்புவதற்கும், இணையத்தில் ஏற்றுவதற்கும் ஒரு நல்ல பதிவு வேண்டும், ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க இயலாது, கையில் உள்ள பணமோ சொற்பம் என்பதே அவர்களுடைய நிலை. "சார், எதுல சவுண்டு நல்லா இருக்கும்?" என்று அவர்கள் கேட்பார்கள். "ஒரே சமயத்துல எத்தனை பேர் வாசிக்கப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு கேள்விக்குக் கீழ்ப்பட்டவை என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஒலியின் தரம் என்ற விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஏனென்றால் பணத்தை அநாவசியமாகக் கரைப்பது பெரும்பாலும் அந்தக் கவலைதான். இன்று நல்ல பெயருள்ள நிறுவனங்கள் விற்கிற மலிவான பெட்டிகள்கூட 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிவு செய்யக்கூடியவை. 24 பிட் என்பது கணக்கின்படி 144 டெசிபல் வீச்சைத் தாங்கும். மின்னணு உறுப்புகளின் சொந்த இரைச்சலைக் கழித்துவிட்டு நடைமுறையில் 100 டெசிபலே தேறினாலும், நம் வீட்டு அறையின் இயல்பான இரைச்சலுக்கும் மிருதங்கத்தின் உச்ச ஒலிக்கும் இடையே உள்ள தூரம் அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். மனிதச் செவிக்கு எட்டுவது அதிகபட்சமாக 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான்; ஓர் அலையைப் பிடிப்பதற்கு அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்குச் சற்றே மிகுந்த வேகத்தில் மாதிரி எடுத்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்குகிற சித்தாந்தம்; ஆகையால் 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் நமக்குக் கேட்கக்கூடியது யாவும் வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியின் மேல் 192 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பிப் பதிவு செய்தால் ஃபைலின் பருமன் நான்கு மடங்காகுமே தவிர, பாட்டு நான்கு மடங்கு இனிப்பதில்லை. தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனை நிறுத்துவதாலும், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கனமான திரை போடுவதாலும் பதிவுக்கு உண்டாகிற நன்மையில் பத்தில் ஒரு பங்குகூட, விலையுயர்ந்த பெட்டிக்கு மாறுவதால் உண்டாவதில்லை.

சாதனத்தின் எளிமை நல்ல பதிவுக்குத் தடையாக இருந்ததில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. டாஸ்காம் நிறுவனம் 1979-இல் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற யந்திரத்தை வெளியிட்டது. சாதாரண கேஸட்டில் நான்கு டிராக்குகளைப் பதிவு செய்வதே அதன் சாமர்த்தியம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டில் உட்கார்ந்து அந்த யந்திரத்தில் பதிவு செய்த பாடல்கள்தாம் 1982-இல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்து இன்றுவரை பேசப்படுகின்றன. நம் மேஜையின் மேல் இருக்கிற மிகச் சாமானியமான பெட்டி, இரைச்சலின் குறைவிலும் ஒலியின் துல்லியத்திலும் அந்தக் கேஸட் யந்திரத்தை எங்கோ பின்னால் விட்டுவிட்டது.

தரம் ஏறக்குறைய சமமாகிவிட்ட பிறகு, பெட்டிக்குப் பெட்டி உண்மையாக வேறுபடுவது ஒரே சமயத்தில் எத்தனை மைக்குகளைத் தனித்தனி டிராக்குகளாக இறக்க முடியும் என்பதில்தான். இங்கே வாங்குகிறவர் தம் சங்கீதத்தின் சுபாவத்தை உணர வேண்டும். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு ஆல்பம், கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்த மெல்லிசை ஆகியவற்றில் ஒருவர் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்தவர் அதன்மேல் வாசிப்பது சகஜம். தாளம் கிளிக்கில் கட்டுண்டிருப்பதால் யாரும் யாரையும் நேரில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவ்விதம் பதிவு செய்கிறவர் அறுபது டிராக்குகள் அடுக்கினாலும் அவருக்கு இரண்டு மைக் இன்புட்டுகளுக்கு மேல் தேவைப்படப் போவதில்லை. அதற்கு மேல் வாங்குவது வீண் செலவு.

கச்சேரி சங்கீதமோ வேறு ஜாதி. பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியைப் பிடித்து நிறுத்துகிற கணத்தில் வயலின்காரர் அதைத் தொட்டுக்கொண்டு தொடருவதும், கல்பனாஸ்வரத்தில் கோர்வை எங்கே போய் விழப்போகிறது என்பதை முகக்குறிப்பிலேயே கண்டு மிருதங்கக்காரர் கூடவே முத்தாய்ப்பு வைப்பதும், எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருந்தாலொழிய நடவாத காரியங்கள். ஆகவே இங்கே மனிதர்களை எண்ண வேண்டும். எண்ணியபின் மைக்குகளையும் எண்ண வேண்டும். பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு, ஆக நான்கு. கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் ஐந்து. ஐந்து மைக் இன்புட் உள்ள பெட்டி சந்தையில் அகப்படுவது அரிது. நான்குக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் எட்டுக்குத்தான் தாவ வேண்டியிருக்கும். தம்புராவின் நாதம் மாறாமல் ஒலிப்பதாகையால் அதைத் தனியே பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். பதிவின்போது ஸ்ருதிப்பெட்டியைப் பாடகருக்குப் பின்னால், அவர் காதுக்கு எட்டுகிற அளவு மட்டும் மெதுவாக வைத்தால் போதும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்பதைச் சிலர் ஆடம்பரமாகக் கருதுகிறார்கள். வலந்தலையின் சாப்பும் மீட்டும் கூர்மையான, ஸ்ருதி சேர்ந்த ஒலிகள். தொப்பியின் கும்கியோ காற்றை அசைத்துக்கொண்டு வருகிற கனத்த ஒலி. ஒரே மைக்கை நடுவில் வைத்தால் இரண்டில் ஒன்றுக்கு அநீதி செய்தவர்களாகிறோம். இரண்டு வைத்தாலும் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். வாத்தியத்தின் இருபுறமும் எதிரெதிராக நிற்கிற மைக்குகளில், ஒரு பக்கத்துத் தோல் தன் மைக்கை விட்டு உள்வாங்குகிறபோது அடைபட்ட காற்று மறுபக்கத்துத் தோலை அதன் மைக்கை நோக்கித் தள்ளுவதால், இரண்டு அலைகளும் தலைகீழாகப் பதிவாகி, சேர்த்துக் கேட்கையில் ஒன்றை ஒன்று தின்றுவிடக்கூடும். தொப்பி மைக்கைத் தனியாகக் கேட்டால் கும்கி கம்பீரமாக இருந்து, வலந்தலையோடு சேர்த்தவுடன் மெலிந்துபோனால், கணினியில் அந்த டிராக்கின் போலாரிட்டியை மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கும்கி திரும்பி வந்துவிடும். ஒரே மைக்கில் பதிவு செய்தவருக்கு இந்தப் பரிகாரத்துக்கு வழியே இல்லை.

எண்ணிக்கை தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலும், பெட்டிகளின் பெயரில் உள்ள எண்கள் ஆளை மயக்குகிறவை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 என்ற பெயரைப் படிக்கிறவர் நான்கு மைக் சொருகலாம் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அதில் மைக்கின் அலையைப் பெருக்குகிற ப்ரீஆம்ப் இரண்டுதான், மற்ற இரண்டும் கீபோர்டு முதலியவற்றுக்கான லைன் இன்புட்டுகள். மோட்டு எம்4 என்ற அருமையான பெட்டியின் கதையும் அதுவே. ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் பதினெட்டு மைக் அல்ல, எட்டு. மீதியெல்லாம் அடாட், எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் வழிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அடாட் என்பது அலேசிஸ் நிறுவனம் எஸ்விஎச்எஸ் வீடியோ கேஸட்டில் எட்டு டிராக் பதிவு செய்வதற்காக 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த யந்திரத்தின் பெயர். அந்த யந்திரம் மறைந்துவிட்டாலும், எட்டுச் சேனல்களை ஒரே ஆப்டிகல் கேபிளில் அனுப்புகிற அதன் முறை மட்டும் நிலைத்து நிற்கிறது. பின்னாளில் இன்புட்டுகளைப் பெருக்க உத்தேசித்திருப்பவர் அடாட் இன்புட் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால், எட்டு மைக் ப்ரீஆம்ப் உள்ள பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற ஒன்றை அதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. யுஎஸ்பி மிக்ஸர் என்று மலிவாக விற்கிறவற்றில் எட்டு மைக் சொருக இடம் இருக்கும். ஆனால் அவற்றில் பல, எல்லாவற்றையும் உள்ளேயே கலந்து இரண்டே சேனலாகத்தான் கணினிக்கு அனுப்புகின்றன. பதிவு முடிந்து வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது வயலின் தூக்கலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கு அதன் பிறகு பிரம்மாவாலும் ஆகாது. மற்றொன்று, இரண்டு இன்புட் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் போலவே இன்னொன்று வாங்கி நான்காக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதாகப் பெயரே தவிர, நீண்ட ஆலாபனை முடிவதற்குள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். மேக் கணினியில் இரண்டையும் ஒன்றாக்கிச் சமாளிக்க ஏற்பாடு உண்டு. விண்டோஸில் பதிவு மென்பொருள்கள் பொதுவாக ஒரு சமயத்தில் ஒரே ஏஎஸ்ஐஓ டிரைவரோடுதான் பேசும். ஆகையால் நான்கு வேண்டுமானால் நான்கு உள்ள ஒரே பெட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

லேட்டன்சி என்ற சொல்லைக் கேட்டு அஞ்சாதவர் இல்லை. ஒலி உள்ளே போய்க் கணினியைச் சுற்றிக்கொண்டு ஹெட்ஃபோனுக்கு வந்து சேருகிற தாமதமே அது. கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளுகிற பஃபரை 256 சாம்பிளாக வைத்து 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு வழிக்குச் சுமார் 5.3 மில்லிவிநாடி ஆகிறது. எதிரே ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மிருதங்கக்காரரின் ஒலி காற்று வழியே நம் காதுக்கு வந்து சேர எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். போகவும் வரவுமாக இரட்டித்து, டிரைவரின் சொந்தத் தாமதமும் சேர்ந்தால், முன்பே பதிவானதன் மேல் பாடுகிறவருக்குத் தம் குரல் இரண்டாகக் கேட்டுச் சங்கடம் உண்டாகும். அவர் டைரக்ட் மானிட்டர் வசதியை, அதாவது மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வருகிற ஏற்பாட்டை, உபயோகிக்க வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் காற்று வழியே கேட்டுக்கொண்டு வாசிக்கையில், கணினிக்குள் எவ்வளவு தாமதம் ஆனால்தான் என்ன? பஃபரை 512-க்கோ 1024-க்கோ உயர்த்தி வைத்துவிட்டு, பழைய லேப்டாப்பும் திணறாமல் ஓடுகிறபடி செய்யலாம். கூடி வாசிக்கிறவர்களுக்கு லேட்டன்சிக்காக அதிக விலை கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

கெயின் என்ற பெருக்கத்தின் அளவைப் பார்க்கத்தான் வேண்டும். மேடைகளில் எங்கும் காணப்படுகிற ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், நன்றாக உரத்த 94 டெசிபல் ஒலிக்கே இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தருகிறது. கீழ்ஸ்தாயியில் மெல்லப் பாடுகிற குரலை அதில் பிடிக்க 55 டெசிபலுக்குக் குறையாத பெருக்கம் இருந்தால் நிம்மதி. கண்டென்சர் மைக் அதைவிடப் பன்மடங்கு வலுவான அலையைத் தரும்; ஆனால் அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். அந்தச் சுவிட்ச் மலிவுப் பெட்டிகளில் எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்து ஒன்றாக இருந்தாலும், ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் கேபிளில் சொருகிய சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. கெயினை வைக்கும்போது, மிருதங்கக்காரர் சோதனைக்காகத் தட்டிக் காட்டுகிறதை நம்பிவிடக் கூடாது. தனி ஆவர்த்தனத்தில் கை சூடேறிய பிறகு அவர் வாசிக்கிற மோராவின் வேகமும் பலமும் வேறு. மீட்டரில் உச்சம் கழித்தல் 18 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்தால், சூடேறிய கைக்கும் இடம் மிச்சம் இருக்கும்; 24 பிட்டில் பதிவு செய்வதன் உண்மையான சௌகரியம் இப்படித் தாழ்த்தி வைத்தாலும் இரைச்சல் மேலே வராமலிருப்பதுதான்.

நம் ஊர் வீடுகளுக்கென்றே உள்ள விஷயம் மின்சாரம். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பெட்டியானால் கரண்ட் போனாலும் லேப்டாப்பின் பாட்டரியில் பதிவு தொடரும். தனி அடாப்டர் உள்ள பெட்டி, நிரவலின் உச்சத்தில் இருந்தாலும், அந்த விநாடியே கண்ணை மூடிவிடும். அப்படிப்பட்ட பெட்டி வாங்குகிறவர் சிறு யுபிஎஸ் ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவில் 'ஹம்' என்று அடிநாதமாக ஓர் உறுமல் வந்தால், முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் உறுமல் அதோடு ஓய்ந்துவிடும். ஓய்ந்தால் குற்றவாளி பெட்டியல்ல, சார்ஜரோ எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட்டோதான்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். நான்கு மைக்குக்கு, விலை குறைந்தவற்றில் பெரிங்கர் யுஎம்சி404எச்டி நீண்ட காலமாகப் பலர் கையில் உழைத்துவருகிறது. நான்கும் உண்மையான மைக் இன்புட்டுகள், ஆனால் தனி அடாப்டர் வேண்டும். ஆடியன்ட் ஈவோ 8 சற்று விலை கூடியது. யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுகிறது, ஹெட்ஃபோன் வழி இரண்டு இருக்கின்றன, எல்லோரும் சிறிது வாசித்துக் காட்டினால் கெயினைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. தாமே பாடிக்கொண்டு தாமே பதிவும் செய்கிற ஒருவருக்கு அது பெரிய உபகாரம் என்றாலும், தனி ஆவர்த்தனத்தை உத்தேசித்து அது வைத்த அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். எட்டு மைக்குக்குப் பெரிங்கர் யுஎம்சி1820, டாஸ்காம் யுஎஸ்-16x08 ஆகிய இரண்டும் மலிவின் பக்கத்தில் நிற்பவை. முன்னதில் அடாட் உண்டு, பின்னதில் இல்லை, அதற்குப் பதிலாக எட்டு லைன் இன்புட்டுகள் இருக்கின்றன. கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஸூம் லைவ்டிராக் எல்-12 போன்ற மிக்ஸர் உகந்தது; அது கணினியே இல்லாமல் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காக எஸ்டி கார்டில் எழுதிக்கொள்கிறது. செகண்ட் ஹாண்டில் தேடுகிறவர்கள் ஃபயர்வயர் இணைப்புள்ள பழைய பெட்டிகளை, எவ்வளவு சகாயமாகக் கிடைத்தாலும், விட்டுவிடலாம். இன்றைய லேப்டாப்புகளில் அதைச் சொருக இடமே கிடையாது. யுஎஸ்பி பெட்டியானாலும், தம் கணினியின் விண்டோஸ் பதிப்புக்கு உற்பத்தியாளரே வெளியிட்ட டிரைவர் இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்த பிறகுதான் பணத்தை நீட்ட வேண்டும்.

யுஎஸ்பி 2.0 பழையதாயிற்றே என்று கவலைப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. எட்டு டிராக்குகளை 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப விநாடிக்கு 9.2 மெகாபிட் போதும், யுஎஸ்பி 2.0-இன் பெயரளவு வேகம் 480 மெகாபிட். வட்டில் ஒரு டிராக்குக்கு நிமிஷத்துக்கு 8.64 மெகாபைட் வீதம், எட்டு டிராக்குகளில் ஒரு மணி நேரக் கச்சேரி சுமார் 4.15 ஜிகாபைட் ஆகும். இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதும் 16 ஜிகாபைட் பென் டிரைவில் அடங்கிவிடும்.

மொத்தப் பணத்தில் பெட்டிக்குப் பாதிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வது உசிதம். மைக், ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை நன்றாக மூடுகிற ஹெட்ஃபோன் என்று வரிசையாகக் காத்திருக்கின்றன. இத்தனையும் செய்த பிறகும், ஒரே அறையில் நான்கு பேர் வாசித்தால் ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கசியத்தான் செய்யும். பாடகர் ஒரு ஸ்வரத்தில் பிசகினால் அதை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது, வயலினின் மைக்கிலும் அது கேட்டுக்கொண்டிருக்கும். தனி டிராக்குகள் தருகிற சுதந்திரம் அளவுகளைச் சீர்செய்வதற்கும், ஒவ்வொரு வாத்தியத்தின் தொனியைத் துலக்குவதற்குமே தவிர, பாட்டைத் திருத்துவதற்கு அல்ல. அந்த அளவுக்கு மட்டும் எதிர்பார்க்கிறவருக்கு ஏமாற்றம் இராது.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் யார் யார் உட்காரப் போகிறார்கள், யாருக்கு எத்தனை மைக் என்று எழுதிக் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் கடம் சேரும் என்றால் அதையும் இப்போதே சேருங்கள். கடைக்காரர் பிட்டையும் கிலோஹெர்ட்ஸையும் விஸ்தரிக்கத் தொடங்கினால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் மூச்சு விடுகிற இடைவெளியில், "ஒரே சமயத்துல எத்தனை மைக் தனித்தனி டிராக்கா கம்ப்யூட்டர்ல இறங்கும்?" என்று மட்டும் கேளுங்கள். காகிதத்தில் உள்ள எண்ணுக்குக் குறையாத எண் அவர் வாயிலிருந்து வந்தால், கையேட்டில் அதைச் சரிபார்த்துவிட்டு, கிடைப்பனவற்றுள் விலை குறைந்ததைத் தயக்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வரலாம்.